சோஃபியா டீச்சரின் வேண்டுதல்

அந்த மூன்று மாதமும் எனக்குப் பசி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் யார் மீதாவது எரிந்து விழுந்தால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆறாம் மாதம் முடிகிற சமயத்தில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை என்றார்கள். நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். கணையம் படம் போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அந்தக் கணையம் என்னையே கைவிடும் என்று எதிர்பார்க்கவில்லை.

டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். "பயப்பட ஒண்ணுமில்ல சோஃபியா, நிறையப் பேருக்கு வருது. ஆனா கவனிக்காம விட்டா குழந்தை உள்ளேயே ரொம்பப் பெருசாயிடும். பொறந்ததும் அதுக்குச் சர்க்கரை சடார்னு இறங்கிடும். சாப்பாட்டை மாத்துங்க, ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டதும் வேகமா நடங்க. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பார்த்தா நூத்தி இருபதுக்குள்ள இருக்கணும். ரெண்டு வாரம் பார்ப்போம். இறங்கலைன்னா இன்சுலின் போட்டுக்கலாம். அதுவும் நல்லதுதான்."

இன்சுலின் மீது எனக்குக் கோபமில்லை. 'சடார்னு' என்ற வார்த்தைதான் காதில் ஒட்டிக்கொண்டது. இதற்கு முன் ஒன்று நான்காம் மாதமே தங்காமல் போயிருந்தது. இந்தக் குழந்தைக்கு என்னால் ஒரு சின்னக் கெடுதல்கூட வரக் கூடாது என்று இருந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த நூற்றிருபது.

வீட்டில் இருந்த உதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கணவர் கிளிஃபர்டுக்குத் தரமணியில் வேலை. எனக்குத் துணையாகத் தானும் இனிப்பை விட்டுவிட்டதாக அறிவித்தார். மாலையில் வரும்போது சட்டையில் குலோப்ஜாமூன் வாசனை வரும். மாமியார் மர்சலின் அத்தை சாந்தோம் சர்ச் பங்கில் பெரிய ஆள், எங்கள் பகுதி அன்பியத்துக்குத் தலைவி. வாரா வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லிக் காபி குடிக்கும் கூட்டத்துக்கு அன்பியம் என்று பெயர். "வயித்துப்பிள்ளைக்காரி ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்பதுதான் அவர் அறிந்த மருத்துவம். டாக்டர் சொன்ன ஒரு கப் சோற்றைப் பார்த்து, "இது கோழிக்கு வைக்கிறதா?" என்றார். பாலில் எனக்குத் தெரியாமல் ஒரு ஸ்பூன் சீனி போடுவார். கேட்டால், "ஒரே ஒரு ஸ்பூன்தானேம்மா, அதுல என்ன வந்துடப்போகுது" என்பார்.

காலையும் மதியமும் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்து சமாளித்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின்தான் எண் அடங்கவில்லை. மொட்டைமாடியில் நடக்கலாம் என்றால் அங்கே வற்றல், வடகம், தண்ணீர்த் தொட்டி. பூங்காவுக்குப் போகலாம் என்றால் மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கமெல்லாம் தகரம் அடைத்திருக்கிறார்கள். மயிலாப்பூரில் எங்கள் சந்து வடக்கு மாட வீதியில் போய் முட்டும். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் கோயிலையும் குளத்தையும் நான்கு வீதிகள் சுற்றி வருகின்றன. நல்ல வெளிச்சம், ஆள் நடமாட்டம், வேகமாக நடந்தால் ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம். என் கண்ணுக்கு அது சரியான அளவில் வெட்டிய மைதானமாகத்தான் தெரிந்தது.

முதல் நாள் நடந்துவிட்டு வந்து குத்திப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. சமையலறையில் நின்று அழுதேன். அத்தை ஓடிவந்து, "பாத்தியா, பசியில அழற" என்று பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.

வினை வந்தது என் காலால். பாதம் வீங்கி எந்தச் செருப்பும் நுழையவில்லை. புதிது வாங்கும்வரை இரண்டு நாள் வெறுங்காலோடு நடந்தேன். பசி தாங்காமல், சாப்பிடக் கூடாதவற்றின் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவது அப்போது என் வழக்கம். ஜாங்கிரி, அதிரசம், பால்கோவா, பாதுஷா, மறுபடியும் ஜாங்கிரி. சொன்னால் கொஞ்சம் சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஆக, ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண், வெறுங்காலோடு, தினம் ஒரே நேரத்தில், யாரையும் பார்க்காமல், உதடு அசைய, கோயிலை வலம் வருகிறாள். மயிலாப்பூரில் இதைப் பார்த்து உடற்பயிற்சி என்று யார் நினைப்பார்கள்?

கிழக்கு மாட வீதி முனையில் பூ விற்கும் முனியம்மாள்தான் முதலில் கேட்டாள். "இன்னாம்மா, வேண்டுதலா?"

"இல்லம்மா. சுகர்."

"சுகருக்கு வேண்டிக்கினியா? நல்லா கேக்கும் நம்ம ஆத்தா. நீ பாட்டுக்கு நட."

"நான் சர்ச்சுக்குப் போறவம்மா."

"அதனால இன்னா? காது எல்லாருக்கும் ஒண்ணுதான் கீது." பக்கத்துக் கடைக்காரியிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். அவள் மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தை இல்லை. அதைச் சொன்ன பிறகு 'வராதே' என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் நான்கு பேர். அதற்கும் மறுநாள் எண்ண முடியவில்லை. யாருக்கோ மகன் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், யாருக்கோ மூட்டுவலி, ஒரு பையனுக்கு சி.ஏ. பாஸாக வேண்டும். "அந்த டீச்சர் பின்னாடி நடந்தா நடக்கறதாம்" என்று பேச்சு பரவியது. என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டம் சேர்ந்தால் கபாலி மாமா வராமல் இருப்பாரா? வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், தெற்கு மாட வீதிக்காரர். ஒவ்வொரு பங்குனித் திருவிழாவுக்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று விசிலோடு காத்திருப்பார். ஒரு வருஷமும் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது அவருக்கென்று ஓர் ஊர்வலம் தானாக வந்து வாய்த்தது. எனக்கு முன்னால் வந்து நின்று விசில் ஊதி ஆட்டோவை நிறுத்தினார்.

"மாமா, இது ஊர்வலம் இல்ல. டாக்டர் நடக்கச் சொன்னாங்க. சாப்பாட்டுல இருக்கிற சர்க்கரையைத் தசை இழுத்துக்கணும், அதுக்காக நடக்கறேன்" என்று ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் விளக்கினேன்.

"பேஷா நடம்மா. யாரு வேண்டாங்கறா? நீ முன்னாடி போயிண்டே இரு, ஜனத்தை நான் பாத்துக்கறேன்." பின்னால் திரும்பி, "வேண்டுதலை வெளில சொல்லக் கூடாதுன்னு இருக்கா. யாரும் தொந்தரவு பண்ணப்படாது" என்றார்.

இத்தனை பேரோடு வேகமாக நடக்க முடியுமா? மூட்டுவலிக்காரர்கள் எனக்கு முன்னால் அசைந்தார்கள். முனைக்கு முனை நின்றோம். வாசல்களில் கோலம் போட்டார்கள். ஒருநாள் கபாலி மாமாவின் மனைவி நீரஜா மாமி வெண்கலப் பானையோடு வந்து, சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வைத்து என் கையில் திணித்தார். நெய் வழிந்தது. முந்திரி என்னைப் பார்த்தது. நான் தயங்கினேன்.

கூட்டத்தில் ஒரு கிசுகிசுப்பு. "அவா வேதக்காரா. நம்ம பிரசாதமெல்லாம் தொட மாட்டா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர். கொலுவுக்குப் போய்ச் சுண்டல் வாங்காத வீடு கிடையாது. சர்க்கரைக்காக மறுத்தால் சாமிக்காக மறுத்ததாக ஆகிறது. மரியாதையைக் காப்பாற்ற ஒரு வாய் சாப்பிட்டேன். இரண்டாவது வாய் மரியாதைக்காக அல்ல, அதை ஒத்துக்கொள்கிறேன். அன்று நூற்றைம்பத்தெட்டு.

கூட்டத்தைக் கழற்றிவிட மறுநாள் வலப்பக்கம் திரும்பி எதிர்த்திசையில் நடந்தேன். விசில் காதைப் பிளந்தது. கபாலி மாமா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். "அப்பிரதட்சிணமா போகப்படாதும்மா, வயித்துல குழந்தையை வெச்சுண்டு." பின்னால் இருபது முப்பது பேர் கைகோத்துச் சுவர் மாதிரி நின்றார்கள். முனியம்மாள் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்த தாய் போல எல்லார் முகமும் இருந்தது. மறுபடி இடப்பக்கமே நடந்தேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த மர்சலின் அத்தையிடம் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், "உங்க மருமக கோயிலைச் சுத்தறாளாமே?" என்று. அத்தை என்னிடம் எதுவும் சொல்லவில்லை. இரவு நான் வடக்கு மாட வீதிக்கு வந்தபோது, அங்கே அன்பியத்துப் பெண்கள் ஐந்தாறு பேரோடு, கையில் ஜெபமாலையும் இடுப்பில் கல்கல் என்ற கிறிஸ்துமஸ் இனிப்பு டப்பாவுமாக நின்றிருந்தார்.

"இது எங்க வீட்டுப் பொண்ணு" என்றார் கபாலி மாமாவிடம்.

"இருக்கட்டும். எங்க வீதியிலன்னா நடந்துண்டிருக்கா" என்றார் மாமா.

"வேண்டுதல்னா எங்க மாதாவுக்குத்தான் இருக்கும். சின்ன வயசுலேர்ந்து அவளுக்குப் பழக்கம்."

"அப்போ பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்திருக்கணுமே. ஏன் இங்க சுத்தணும்?"

"அத்தை, மாமா, ரெண்டு பேருக்கும் சொல்றேன், இது சுகர்" என்றேன். இருவரும் என்னைப் பரிவோடு பார்த்துவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார்கள். கடைசியில் கபாலி மாமா ஓர் ஏற்பாடு சொன்னார்: அவர் ஆட்கள் எனக்கு வலப்பக்கம், அத்தையின் ஆட்கள் இடப்பக்கம். அன்று தெருவை அடைத்துக்கொண்டு நகர்ந்தோம். ஜெபமாலை ஒரு வேகத்தில் போயிற்று, இந்தப் பக்கத்து நாமாவளி இன்னொரு வேகத்தில். இரண்டிலும் மெதுவானதுக்குத்தான் என் கால் கட்டுப்பட்டது. ஒரு பக்கத்திலிருந்து பொங்கல் வந்தது, மறுபக்கத்திலிருந்து கல்கல். யாருடையதைச் சாப்பிட்டேன் என்று இரண்டு தரப்பும் கவனித்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் சாப்பிட்டேன்.

நூற்று அறுபத்தேழு.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. இத்தனை பேர் அதற்காகத்தான் நடக்கிறார்கள், அத்தனை பேரும் சேர்ந்துதான் அதற்குச் சர்க்கரையை ஏற்றுகிறார்கள். டாக்டர் கொடுத்த கெடுவில் மிச்சம் கொஞ்ச நாள்தான். எனக்குப் பயமாக இருந்தது. பயம் போய்க் காலையில் கோபம் வந்தது. கோபம் எனக்கு நன்றாக வரும்.

அன்று இரவு கிழக்கு மாட வீதி முனையில், ஒரு பக்கம் வெண்கலப் பானையும் மறுபக்கம் டப்பாவும் என்னை நோக்கி வருவதைக் கண்டேன். பூட்டியிருந்த பாத்திரக் கடையின் படியில் ஏறினேன். கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல் ஒன்று என்னிடம் உண்டு.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க."

நின்றார்கள். ஆட்டோக்காரர்கூட நின்றார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் உண்மையைத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேனே, யார் கேட்டார்கள்? உண்மைக்கு இந்த வீதியில் மதிப்பில்லை என்று அந்த நிமிஷம் புரிந்தது.

"சரி. இது வேண்டுதல்தான்" என்றேன்.

"நான்தான் சொன்னேனே" என்று கபாலி மாமாவும் அத்தையும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஆனா இதுக்கு விதி இருக்கு. நீங்க யாரும் அதைக் கடைப்பிடிக்கல. அதனாலதான் பலிக்காம இருக்கு."

தப்புச் செய்த வகுப்பு மாதிரி கூட்டம் அமைதியாயிற்று. மாமா விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்ன விதிம்மா? சொல்லு, நடத்திக் காட்டிடறோம்."

"வேகமா நடக்கணும். கையை வீசி நடக்கணும். எங்கேயும் நிக்கக் கூடாது. பேசலாம், ஆனா பாட முடியக் கூடாது. பாட முடிஞ்சா நீங்க மெதுவா நடக்கறீங்கன்னு அர்த்தம்."

மாமாவின் முகம் வாடியது. "வெள்ளிக்கிழமைக்கு நாதஸ்வரம் ஏற்பாடு பண்ணிட்டேனேம்மா."

"ஓடிக்கிட்டே வாசிப்பாருன்னா கூட்டிட்டு வாங்க. மூட்டுவலிக்காரங்க உக்காந்து கையை மட்டும் வீசுங்க, அவங்களுக்கு அது போதும். வழியில யாரும் இனிப்பு குடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது. ஒரு வாய் உள்ள போனாலும் எல்லாரும் முதல்லேர்ந்து சுத்தணும்."

நீரஜா மாமி பானையை முந்தானையால் மூடினார். "பின்ன எதைத்தாம்மா நைவேத்தியம் பண்றது?"

"வெள்ளரிப் பிஞ்சு. வெல்லம் போடாத சுண்டல்."

"இந்த வேண்டுதல் எந்தப் புனிதருக்கு?" என்று அத்தை இடையில் புகுந்து கேட்டுப் பார்த்தார்.

"அதைக் கேக்கக் கூடாதுங்கறதும் விதி."

முனியம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். "வாங்க போவலாம், டீச்சர் கோவத்துல கீது." விசில் ஒலித்தது. மயிலாப்பூர் தன் வாழ்நாளில் முதல்முறையாக வேகமாக நடந்தது. தெற்கு மாட வீதி திரும்பும்போது எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. யாரோ பழக்கதோஷத்தில் ஒரு பல்லவியை எடுத்தார். அவரால் முழுசாகப் பாட முடிந்ததால் கபாலி மாமா அவரை இன்னும் வேகமாக நடக்கவைத்தார்.

நூற்றொன்பது.

டாக்டர் சொல்லி, நான் கெஞ்சி, படம் போட்டு விளக்கியும் மாறாத வீடு ஒரே வாரத்தில் மாறிவிட்டது. பாலில் சீனி போட்ட அதே மர்சலின் அத்தை சீனி டப்பாவைப் பரணில் ஏற்றினார், "வேண்டுதல் கெட்டுடும்" என்று. ஒரு கப் சோறு போட்டுவிட்டு இன்னொரு கரண்டி நீட்டிய கிளிஃபர்டின் கையில் அடித்தார். கிளிஃபர்டின் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த ஜனங்களுக்குக் கணையம் வேண்டாம், விதிதான் வேண்டும்.

டாக்டரம்மா என் எண்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "இன்சுலின் தேவையே இல்ல. எப்படிக் கொண்டு வந்தீங்க?" சொன்னேன். எண்களை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்றார். அந்த வாரம் கூட்டத்தின் வாலில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் கையை வீசி நடந்தார்.

ஒன்பதாம் மாதம் நிறைந்து, ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் வலி கண்டது. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தாள். பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. சரியாக ஒரு குழந்தை அளவு இருந்தாள். ஆனால் என் மனசு ஆறவில்லை. நர்ஸ் அந்தச் சின்னக் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தபோது, மூன்று மாதப் பயமும் ஒன்றாகத் திரும்பி வந்தது. என் விரலில் எத்தனை முறை குத்தியிருப்பேன், அதெல்லாம் ஒரு வலியா? கருவி எண்ணைக் காட்டுவதற்குள் நான் கிளிஃபர்டின் கையை நசுக்கிவிட்டேன்.

"நல்லா இருக்குங்க. இறங்கல" என்றாள் நர்ஸ். இன்னும் ஒன்றிரண்டு தடவை பார்ப்போம் என்றும் சொன்னாள். அவற்றிலும் இறங்கவில்லை.

அந்த முதல் எண்ணுக்கு நான் அழுதுகொண்டிருக்கும்போதுதான் கீழேயிருந்து விசில் சத்தம் கேட்டது. தெரிந்த விசில். "அத்தை எங்க?" என்றேன். பிரசவ அறை வாசலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்க வேண்டியவர் மதியத்திலிருந்தே கண்ணில் படவில்லை.

கிளிஃபர்ட் சன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார். "மம்மி கீழதான் இருக்காங்க. எல்லாருமே இருக்காங்க. காலையிலேர்ந்து நீ ரெண்டு வேளை நடக்கலையாம். வேண்டுதல் நடுவுல விட்டுடக் கூடாதுன்னு... உனக்கு பதிலா இந்த ஆஸ்பத்திரியைச் சுத்தறாங்க."

மெல்ல எழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முன்னால் கபாலி மாமா. பக்கத்தில் அத்தை, புடவையைத் தூக்கிச் செருகி, செருப்பில்லாமல், கையை வீசிக்கொண்டு. அவர் பின்னால் முனியம்மாள், நீரஜா மாமி, சி.ஏ. பையன், அன்பியத்துப் பெண்கள். யாரும் பாடவில்லை. காவலாளி வாயில் வெள்ளரிப் பிஞ்சோடு கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது, அந்த வீதியில் நான் மட்டும் தனியாக நடக்க வேண்டும் என்று.

கிளிஃபர்ட் போன் போட்டு என் காதில் வைத்தார். அத்தைக்கு மூச்சு இரைத்தது. "பொண்ணாமே. சர்க்கரை எப்படி இருக்கு பிள்ளைக்கு?"

"நல்லா இருக்கு அத்தை."

அவர் அதைப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்வது கேட்டது. "நீ படுத்துக்கோ. ராத்திரிச் சுத்தையும் நாங்களே நடந்துடறோம்" என்றார்.

ஒருவர் நடந்தால் இன்னொருவர் ரத்தத்தில் சர்க்கரை குறையாது. தசை அவரவர் தசை. இதைத் தப்பாக எழுதினால் பத்தாம் வகுப்பில் நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் தொண்டையைச் செருமினேன்.

"கையை நல்லா வீசி நடங்க, அத்தை" என்றேன். "மெதுவாப் போனா கணக்குல சேராது."